அண்டா விழுந்தது, கண் திறந்தது!



இந்தப் பகுதியில் தோழிகள் பலரும் பிள்ளைகள் படிப்பு, நகை, சமையல், மாமியார் என்று எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது எங்கள் வீட்டு பாத்ரூமைப் பற்றி. 'போயும் போயும் இதையா எழுதுவாள்' என்று முகம் சுளிக்காமல் கடைசி வரை படித்துவிடுங்கள். நான் பத்தாவது வரைதான் படித்தவள். எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் திண்டுக்கல். வீடு, மாமனார் இருந்தபோது 1994-ல் கட்டியது. பாத்ரூம் 7 அடிக்கு 5 அடி. குளிப்பதும் அதில்தான், லெட்ரினும் அதில்தான். முதலில் வெறும் சிமென்ட் தரையாக இருந்தது. நான் கல்யாணமாகி வந்த சமயம், 'புது மருமகள் வருகிறாள்' என்று அதன் மேலேயே வெள்ளை டைல்ஸ் ஒட்டி அழகு பண்ணியிருந்தார்கள். சுவரில் இரண்டரை அடி உயரத்துக்கு டைல்ஸ், அதற்கு மேல் பெயிண்ட். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். தண்ணீர் பட்டால் மட்டும் வழுக்கும். வழுக்குகிற இடத்தில் பார்த்துத்தானே நடக்க வேண்டும் என்று நாங்களும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

போன மார்கழிக் கடைசி. போகிக்கு வீடு ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பரணில் இருந்த பித்தளை அண்டாவை இறக்கி, பாத்ரூமில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்த்து முடித்துத் தூக்கும்போது, ஈரக் கை, நழுவிவிட்டது. 'டமார்' என்று ஒரு சத்தம். நல்லவேளை காலில் விழவில்லை. தரையில் இரண்டு டைல்ஸ் சுக்கல் சுக்கலாகிவிட்டது.

அத்தை (என் மாமியார், வயது 72) பதறிப்போய் ஓடி வந்தார்கள். "என்னத்தா ஆச்சு? கால்ல விழுந்துருச்சா?" என்று கேட்டவர்கள், வாசல்படியிலேயே நின்றுகொண்டார்கள். உள்ளே கால் வைக்கவில்லை. அப்போது அது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பொங்கல் முடிந்ததும் என் வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூட்டி வந்தார். "ரெண்டு டைல்ஸ்தானே, 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுரும்" என்றார். கொத்தனார் கரணைக் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். பாதித் தரை 'டொக் டொக்' என்று வெற்றாகச் சத்தம் கொடுத்தது. உடைந்த இடத்தைக் கொஞ்சம் தோண்டியதும் அடியில் சொதசொதவென்று ஈரம். பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து, இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. எத்தனை வருடமாகவோ தெரியவில்லை.

"அக்கா, ஹால் சுவர்ல உப்புப் பூக்குதா?" என்று கேட்டார் கொத்தனார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாத்ரூமை ஒட்டிய ஹால் சுவர் வருடா வருடம் பூத்துப் பொரிந்து உதிரும். தீபாவளிக்குத் தீபாவளி பெயிண்ட் அடிப்போம். பெயிண்ட் சரியில்லை என்று கடைக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஆக, தரை முழுவதையும் பெயர்த்தால்தான் குழாய் மாற்ற முடியும் என்று ஆகிவிட்டது. "பெயர்க்கிறதுதான் பெயர்க்கிறோம், ஒரேயடியா நல்லா பண்ணிருவோம்" என்றார் இவர். இரண்டு டைல்ஸில் ஆரம்பித்த வேலை இப்படித்தான் முழு பாத்ரூமாக வளர்ந்தது.

வேலை நடந்த நாட்களில் பக்கத்து வீட்டு டீச்சர் அக்கா, "எங்க வீட்டுக்கு வந்துருங்க, இதுல என்ன கூச்சம்?" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட். போய்ச் சேர்ந்த அவர்கள் மாமியாருக்காகச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியும் வைத்திருந்தார்கள். ராத்திரியில் எழுந்தால் அத்தையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமே என்று நான் முதலிலேயே மனதுக்குள் முணுமுணுத்தேன்.

மூன்றாவது நாள் ராத்திரி. சாப்பிட்டு முடித்ததும் அத்தை ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால், எங்கள் வீட்டில் அத்தையோடு ஓயாத சண்டையே இந்தத் தண்ணீர்தான். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் இரண்டு தடவை அவர்களுக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "பாட்டி தண்ணியே குடிக்கிறதில்ல போலிருக்கே, நிறையக் குடிக்கச் சொல்லுங்க" என்றார். நாங்களும் உடம்புச் சூடு என்று இளநீர், வெந்தயம், சீரகத் தண்ணீர் என்று என்னென்னவோ கொடுத்துப் பார்த்தோம். "சொன்னா கேக்குறாங்களா? சின்னப் பிள்ளை மாதிரி அடம்" என்று இவரிடம் நானே எத்தனை தடவை புகார் சொல்லியிருக்கிறேன்.

"என்னத்தை, இன்னைக்கு இவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"அங்க பிடிச்சுக்கக் கம்பி இருக்குத்தா. உக்காரவும் எந்திரிக்கவும் பயமில்ல. நீயும் கூட வர்ற. நம்ம வீட்ல நான் சாயங்காலம் 5 மணிக்கு மேல தண்ணி வாய்ல வைக்கிறதில்ல. குடிச்சா ராத்திரி எந்திரிக்கணும். எந்திரிச்சா அந்தத் தரையில கால் வைக்கணும். ஒருதரம் வழுக்கி, வாளியைப் பிடிச்சுத் தப்பிச்சேன். உங்கிட்டச் சொன்னா வருத்தப்படுவேன்னு சொல்லல" என்றார்கள்.

எனக்கு வாயடைத்துவிட்டது. தோழிகளே, இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பாத்ரூம் சுவரில், டைல்ஸுக்குச் சற்று மேலே, பெயிண்டில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்காகக் கைத்தடம் இருக்கும். வாரா வாரம் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். மறுபடி வரும். "சுவரைத் தடவாம இருக்க முடியாதா? யாரு தேய்க்கிறது?" என்று அத்தை காதுபடவே சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. அந்தத் தடம் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் டைல்ஸ் எடுக்கக் கடைக்குக் கிளம்பினோம். இவர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரி மின்னுகிற டைல்ஸ், குளிக்கிற இடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. "வர்றவங்க பார்த்தா அசந்துரணும்" என்றார். "வர்றவங்க ஒரு நாள் பார்ப்பாங்க. நாம தினமும் நடக்கணும்ங்க" என்றேன். "உனக்கு ரசனையே இல்லை" என்றார். எங்கள் வீட்டில் இது எப்போதும் கடைசி வார்த்தை. வழக்கமாக நான் அதோடு விட்டுவிடுவேன். இந்தத் தடவை விடவில்லை.

கடைக்காரரிடம் கேட்டு, அவர் சொன்ன பளபள டைல்ஸில் ஒன்றும், சொரசொரப்பான ஆன்டி ஸ்கிட் டைல்ஸில் ஒன்றும் சாம்பிள் வாங்கி வந்தேன். கொல்லையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, சோப்புத் தண்ணீரை ஊற்றி, "செருப்பைக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க" என்றேன். கறுப்பு டைல்ஸில் கால் வைத்ததுதான் தாமதம், சர்ரென்று போய்த் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார். அத்தை சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "அம்மா எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். பெற்ற பிள்ளையிடம் எந்தத் தாய்தான் இதைச் சொல்வாள்?

கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் வைப்பது என்று கொத்தனார் கேட்டார். சுவரில் அத்தையின் கைத்தடம் இன்னும் இருந்தது. நான் அதைக் காட்டினேன். அளந்து பார்த்தால் தரையிலிருந்து சரியாக 3 அடி. "பொதுவா இந்த உயரத்துலதான்க்கா வைப்போம். ஆத்தா கையாலயே அளந்து வச்சுட்டாங்க" என்றார். அந்த இடத்தில் ஒரு கம்பி, டாய்லெட் பக்கத்தில் ஒரு கம்பி. துண்டு போடுகிற கம்பி இதற்கு உதவாது, ஆள் பாரத்தைத் தாங்காது என்று சொல்லி, செங்கல் சுவரில் ஆழமாகத் துளை போட்டு முடுக்கினார்.

உடைத்துக் கட்டும்போது நான் கூடவே நின்று பார்த்துத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். வீட்டு வேலை செய்யப் போகிற தோழிகளுக்கு உதவும்.

பாத்ரூம் தரை மற்ற தரையைவிட ஒரு அங்குலமாவது தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீர் போகிற துவாரத்தை நோக்கி, அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தார் கொத்தனார். சரிவு இல்லையென்றால் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், வழுக்கும். என் பையனின் கோலிக்குண்டை நாலு மூலையிலும் விட்டுப் பார்த்தேன். எல்லாம் துவாரத்துக்கே உருண்டு போனது.

கசிவு தடுக்கும் பூச்சு பூசியதும், உடனே டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். துவாரத்தை அடைத்துவிட்டு, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் கஷ்டம் உள்ள எங்கள் ஊரில் இது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குக் கொட்டிய தண்ணீர், பிறகு சுவரை உடைக்கிற செலவை மிச்சப்படுத்தும்.

கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே யாராவது விழுந்துவிட்டால் திறக்கவே முடியாது. விழுந்தவரே கதவுக்குக் குறுக்கே கிடப்பார். அதனால் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். தாழ்ப்பாளும் ஆபத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடியதாகப் போட்டோம்.

வெந்நீருக்கு இவருடைய நண்பர் ஒருவர், "கேஸ் கீசர் வாங்கி உள்ளேயே மாட்டிருங்க, செலவு கம்மி" என்றார். எலக்ட்ரீசியன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். கேஸ் கீசரைக் காற்றோட்டம் இல்லாத பாத்ரூமுக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிக்கிறவர் மயங்கி விழுவதுதான் தெரியும். எங்களுக்கு அடுப்பு வெந்நீரே போதும் என்று விட்டுவிட்டோம். கரண்ட் கீசர் வைக்கிறவர்கள் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஸ்விட்சும் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. புது டைல்ஸ் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசிட் ஊற்றாதீர்கள். இடுக்கில் உள்ள சிமென்டை அது அரித்துவிடும். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும். சோப்புத் தூளும் தேய்ப்பு பிரஷ்ஷும் போதும்.

மொத்தம் 9 நாள் வேலை. கொத்தனார், சித்தாள் கூலி, டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், குழாய், கதவு எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய் ஆனது. இதில் 50,000 நான் சீட்டுக் கட்டி எடுத்தது. ஒரு ஜோடி வளையல் வாங்க வைத்திருந்தேன். கொடுக்கும்போது மனசு அடித்துக்கொண்டது உண்மை. பொய் சொல்ல விரும்பவில்லை.

என் நாத்தனார் பார்த்துவிட்டு, "குந்தி உக்கார்றதுதான் உடம்புக்கு நல்லது. அதைப் போயி மாத்திட்டியே" என்றார்கள். முழங்கால் நன்றாக இருக்கிறவரைக்கும் அது நல்லதுதான். முழங்கால் போனவர்களுக்கு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிய வேண்டாமா? நமக்கும் அந்த வயது வரத்தானே போகிறது.

இனி என் கருத்து. வீட்டில் பூஜை அறை, ஷோகேஸ், ஹால் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். பாத்ரூம் மட்டும் மிச்ச இடத்தில், மிச்சப் பணத்தில். அதையும் தீர்மானிப்பது ஆண்களும் கொத்தனாரும்தான். தினமும் அதைக் கழுவுகிறவள் நாம். கர்ப்பமாக இருக்கும்போது பயந்து பயந்து கால் வைக்கிறவள் நாம். பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறவள் நாம். வயதானவர்களுக்கு ராத்திரி இரண்டு மூன்று தடவை அதுதான் கதி. ஆனால் நம்மிடமும் அவர்களிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆண்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நானும் 15 வருடம் அதே வீட்டில் இருந்துகொண்டு, சுவரில் இருந்த கறையைத் தேய்த்தேனே தவிர, அது ஏன் வருகிறது என்று கேட்கவில்லை. இந்த விஷயத்தைப் பேசுவதற்கே நமக்குக் கூச்சம். மாமியாருக்கு மருமகளிடம் கூச்சம், தாய்க்குப் பிள்ளையிடம் கூச்சம். அந்தக் கூச்சத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு ஜீவன் நம் வீட்டிலேயே தவித்துக்கொண்டிருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? நாமாகத்தான் கேட்க வேண்டும்.

'உனக்கு 68,000 இருந்தது, செய்தாய். எங்களுக்கு எங்கே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நான் சொல்ல வந்தது அதுவல்ல. இரண்டு கைப்பிடிக் கம்பிக்கு எனக்கு ஆன செலவு 1,800 ரூபாய்தான். ராத்திரி முழுக்க எரிய ஒரு சின்ன விளக்கு, அடியில் நன்றாகப் பிடிக்கிற ரப்பர் மேட், ஆடாத ஒரு ஸ்டூல், வாளி மக்கை நடுவில் வைக்காமல் ஓரமாக வைப்பது, குளித்ததும் தண்ணீரைத் தள்ளிவிடுவது. இதற்கெல்லாம் பெரிய காசு வேண்டாம். வாடகை வீடு என்றால், கம்பிக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இவற்றைச் செய்ய நமக்கு ஒரு டைல்ஸ் உடைய வேண்டியதும் இல்லை, யாரும் விழ வேண்டியதும் இல்லை. எங்கள் வீட்டில் அண்டா விழுந்தது. அத்தை விழுந்திருந்தால்? 72 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன பாடு என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது அத்தை சாயங்காலம் 6 மணிக்கு இரண்டாவது காபி கேட்கிறார்கள். ராத்திரி தலைமாட்டில் செம்புத் தண்ணீர் வைக்கிறேன். காலையில் பார்த்தால் காலியாக இருக்கிறது. நீர்க்கடுப்பு அதற்குப் பிறகு வரவில்லை. வளையல் அடுத்த சீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

தோழிகளே, இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ராத்திரி பாத்ரூம் போகப் பயமா இருக்கா?" உடனே பதில் வராது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்கள். அதோடு விட்டுவிடாமல், பாத்ரூம் சுவரையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி